பின்கண்ணாடியை மாற்றும் காலம்

மோட்டார் வண்டியின் பின்கண்ணாடி பழுதுபட்டால் அதை எப்போது மாற்றுவது என்னும் கேள்வி, பார்வைக்குச் சிறியதாயினும், ஏறத்தாழ நூறாண்டு வயதுடையது. வண்டியின் அமைப்பு மாறியபோதெல்லாம் விடையும் மாறியிருக்க வேண்டும். ஆனால் பழைய வண்டிக்குச் சொன்னதையே புதிய வண்டிக்கும் சொல்லும் வழக்கம் வேரூன்றிவிட்டதால், வெவ்வேறு காலத்து விடைகள் இன்று ஒரே தெருவில் ஒன்றோடொன்று முரண்பட்டு நிற்கின்றன. மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் காட்டுப்பாக்கத்தில் வண்டி வைத்திருப்பவருக்கு இந்த முரண்பாடு ஒரே நாளில் முழுமையாகக் காதில் விழக்கூடும். “தாங்குற வரைக்கும் ஓட்டுங்க சார்” என்பது மெக்கானிக்கின் வாக்கு. “இன்னைக்கே மாத்திடுங்க” என்பது கண்ணாடிக் கடைக்காரரின் வாக்கு. “கிளைம் போடறதுக்கு முன்னாடி போனஸ் கணக்கைப் பாருங்க” என்பது இன்சூரன்ஸ் ஏஜென்டின் வாக்கு.

இந்த விசாரணைக்குக் காட்டுப்பாக்கம் பொருத்தமான இடமே. இதற்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூரில், 2000ஆம் ஆண்டு முதல் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் உலையில் கண்ணாடி உருகித் தகடாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் அண்மையில் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகின்றன. கிழக்கே, நகரத்தின் நடுவில், பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டை இருக்கிறது. புதுக் கண்ணாடி பிறக்கும் திசைக்கும் பழைய கண்ணாடி விலைபோகும் திசைக்கும் இடையில், லாரிகளும் தண்ணீர் டேங்கர்களும் மெட்ரோ ரயில் தூண்களும் நெருக்கும் சாலையில் இவ்வூர் அமைந்திருப்பதால், பின்கண்ணாடி உடைவதற்குரிய சந்தர்ப்பங்களுக்கும் இங்கே குறைவில்லை. லாரியின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை ரிவர்ஸ் எடுக்கும்போது கவனியாமை, காம்பவுண்டுக்குள் நிற்கும் வண்டிமீது தென்னையிலிருந்து விழும் மட்டை, தெருக் கிரிக்கெட்டின் பந்து, நீளமான சாமான் உள்ளே துருத்தி நிற்க டிக்கியை ஓங்கி அறைந்து சாத்துதல் ஆகியவை சாதாரணமான காரணங்கள்.

கேள்வியின் பூர்வீகம்

தொடக்க காலத்துத் துணிக்கூரை வண்டிகள் பலவற்றில் பின்கண்ணாடி என்பது கூரையில் வைத்துத் தைத்த செல்லுலாய்டுத் துண்டேயாகும். வெயிலில் அது பழுப்பேறி, மடித்த இடத்தில் வெடித்து, பின்னால் வருவது தெரியாமற் போனபோது அதை மாற்றினார்கள். ஆகவே இக்கேள்விக்கு ஏற்பட்ட முதல் விடை பார்வையை அளவுகோலாகக் கொண்டது. தெரியும்வரை இருக்கலாம், தெரியாவிட்டால் மாற்ற வேண்டும் என்ற அந்த நியாயம், செல்லுலாய்டு மறைந்து பல்லாண்டுகள் ஆன பின்னும் மறையவில்லை.

இரண்டாவது விடை முன்கண்ணாடியிலிருந்து வந்தது. பிரெஞ்சு ரசாயன நிபுணர் எதுவார் பெனடிக்டஸ் என்பவர், கீழே விழுந்தும் சிதறாத ஒரு குடுவையைக் கண்டு அதிலிருந்து பிறந்த கருத்தை வளர்த்து, இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே ஒரு மெல்லிய படலத்தை வைத்து ஒட்டும் முறைக்கு 1909இல் உரிமை பெற்றார். இன்றைய கார்களின் முன்கண்ணாடி இந்த வம்சத்தைச் சேர்ந்தது. கல் பட்டால் வெளிக் கண்ணாடியில் மட்டும் விரிசல் விழும். உட்கண்ணாடியும் படலமும் தாங்கி நிற்கும். நாணயத்தளவு சிறிய குழியாயின் ரெசின் செலுத்தி அடைத்துவிடலாம். விரிசலின் நீளத்தைக் கொண்டு முடிவு செய்யும் வழக்கம் இவ்வாறு உண்டாகி, அதே அளவுகோலைப் பின்கண்ணாடிக்கும் வைத்துப் பார்க்கும் தவறு பிறகு தொடர்ந்தது.

மூன்றாவது விடை நம் நாட்டு அனுபவத்தில் விளைந்தது. 1950களின் பிற்பகுதியில் வந்த அம்பாசடர், 1961இல் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பின்னர் பத்மினி, 1983இல் வந்த மாருதி 800 ஆகிய வண்டிகளில் கண்ணாடியை ரப்பர் பீடிங்தான் பிடித்துக்கொண்டிருந்தது. பீடிங்கின் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி வைத்து, ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருக்க, மற்றவர் உள்ளேயிருந்து கயிற்றை மெல்ல உருவினால், ரப்பரின் உதடு தகட்டின்மீது தானே ஏறி உட்கார்ந்துவிடும். இரண்டு பேர் அரைமணி நேரத்தில் முடிக்கும் வேலை இது. கண்ணாடி அகப்படும்போது போட்டுக்கொள்ளலாம், அதுவரை பாலிதீன் ஷீட் போதும் என்ற அபிப்பிராயம் அக்காலத்து நிலைமைக்கு முற்றிலும் பொருத்தமானதே. அதைச் சொன்னவர்களைக் குறைகூற இடமில்லை.

பின்கண்ணாடியின் இயல்பு

இம்மூன்று விடைகளையும் எடைபோடுவதற்கு, இன்றைய பின்கண்ணாடி எத்தகைய பொருள் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் இந்தப் பிரச்சினையின் சாரம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

பெரும்பாலான கார்களில் பின்கண்ணாடி ஒற்றைத் தகடு. கடைக்காரர் ‘டஃப்பன்ட்’ என்று சொல்லும் வகை. அதை 600 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சி, வளைத்து, இருபுறமும் குளிர்காற்றைப் பீய்ச்சித் திடீரென ஆற்றுகிறார்கள். மேற்புறம் முதலில் இறுகிவிட, உட்புறம் பிறகு சுருங்க முயல, மேற்புறம் நிரந்தரமாக அமுங்கிய நிலையிலும் உட்புறம் நிரந்தரமாக இழுபட்ட நிலையிலும் நின்றுவிடுகின்றன. இந்த அமுக்கமே அதற்குச் சாதாரணக் கண்ணாடியைப்போல் நான்கைந்து மடங்கு வலிமையைத் தருகிறது. சூடான கண்ணாடியை எண்ணெயில் தோய்த்து இதே பயனை அடையும் முறைக்குப் பாரிஸ் நகரத்து ரோயர் த லா பாஸ்டி என்பவர் 1874இலேயே உரிமை பெற்றிருந்தார். கார்களில் இது பரவலாக இடம்பெற்றது 1930களிலிருந்துதான்.

இதன் குணத்தை விளக்க, 1661இல் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் வைக்கப்பட்ட ரூபர்ட் இளவரசரின் கண்ணாடித் துளிகளைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் தலை பருத்து வால் மெலிந்த ஒரு துளி உண்டாகும். அதன் தலையைச் சுத்தியால் அடித்தாலும் அது தாங்கும். வாலின் நுனியை விரலால் ஒடித்தால் துளி முழுவதும் தூளாகும். பின்கண்ணாடியின் நடுப்பரப்பு அந்தத் தலையைப் போன்றது. விளிம்பு அந்த வாலைப் போன்றது. நடுவில் பந்து பட்டுத் துள்ளிப் போய்விடுவதும், விளிம்பில் ஒரு சிறு இரும்பு முனை பட்டவுடன் கண்ணாடி முழுவதும் கொட்டிவிடுவதும் இதனால்தான்.

இழுபட்ட உட்பகுதியை ஒரு விரிசல் சென்று தொட்டுவிட்டால், அது வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் பாய்ந்து, கிளைத்து, கண்ணாடியைக் கல்கண்டு போன்ற சிறு துண்டுகளாக்கிவிடுகிறது. நீண்ட கூரிய சில்லுகள் உண்டாகாமல் பிரயாணியைக் காப்பது இந்தக் குணந்தான். ஆகையால் பின்கண்ணாடியில் ‘வளர்ந்துகொண்டிருக்கும் விரிசல்’ என்ற இடைநிலையே கிடையாது; ரெசின் வைத்து அடைப்பதற்கு அதில் இடமும் கிடையாது. நீளத்தை அளக்கும் இரண்டாவது விடை இங்கே அடிப்படையிலேயே தவறிவிடுகிறது. சில உயர்விலை வண்டிகளில் பின்புறமும் படலக் கண்ணாடியே இருக்கக்கூடும். கண்ணாடியின் மூலையிலுள்ள முத்திரையைப் படித்து இதைத் தெரிந்துகொள்ளலாம். அவற்றிற்கு மட்டுமே முன்கண்ணாடியின் விதி செல்லும்.

ஒரு மாயத் தோற்றத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். சன் ஃபிலிம் ஒட்டிய பின்கண்ணாடி உடைந்தால், துண்டுகள் ஃபிலிமோடு ஒட்டிக்கொண்டு, சிலந்தி வலை படர்ந்தாற்போல் நாட்கணக்கில் அப்படியே நிற்கும். கையால் மெல்ல அழுத்தினால் பாய்போல் உள்வாங்கும். வண்டிக்காரர் அதைப் பார்த்து, கண்ணாடி இன்னும் தாங்குகிறது என்று எண்ணுகிறார். உண்மையில் தாங்குவது ஃபிலிம் மட்டுமே. வேகத்தடையில் ஒருமுறை டிக்கி அதிர்ந்தால் முழுவதும் பின்னிருக்கையில் சரிந்துவிடலாம்.

பழுதின் வகைகளைப் பற்றிய கருத்துவேற்றுமை

முழுதும் உடையாத பழுதுகளைப் பற்றித்தான் உண்மையான விவாதம் எழுகிறது. மேற்பரப்பின் கீறலை எடுத்துக்கொள்வோம். மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டில், அமுங்கிய அடுக்கு இருபுறமும் ஐந்தில் ஒரு பங்கு அளவு, அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கிறது. வைப்பர் மணலோடு தேய்த்த கோடும் துணியில் மாட்டிய கல் இழுத்த கோடும் அந்த ஆழத்தை எட்டுவது அரிது. இவற்றிற்காகக் கண்ணாடியை மாற்றுவது வீண் செலவு என்று சொல்பவர்களின் பக்கமே நியாயம் இருக்கிறது.

கண்ணாடியின் உட்புறத்தில் ஓடும் டிஃபாகர் கோடுகள் அறுபடுவது வேறு விஷயம். வெள்ளிக் கலவையை அச்சிட்டுச் சுட்ட அந்தக் கோடுகளில் ஓரிரண்டு அறுந்தால், மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பெயின்டைத் தடவி இணைக்கலாம். கார்த்திகை மழையிரவில் கண்ணாடி பனித்துப் பின்னால் வரும் விளக்குகள் மங்கும் ஊரில் டிஃபாகர் ஆடம்பரமல்ல. எனினும் அதற்காகக் கண்ணாடியையே மாற்றுவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

விளிம்பின் சில்லு ஒன்றே சங்கடமானது. 1921இல் ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், கண்ணாடி தன் கணக்கிட்ட வலிமைக்கு மிகக் குறைந்த பளுவிலேயே உடைவதற்குக் காரணம் அதிலுள்ள நுண்ணிய குறைகளே என்று நிறுவினார். பின்வந்த ஆராய்ச்சிகள் ஈரம் அக்குறைகளின் வளர்ச்சிக்குத் துணைபோகிறது என்பதைக் காட்டின. விளிம்பில் சில்லு விழுந்த கண்ணாடி பல மாதங்கள் நிற்கவும் கூடும். நாளைக் காலை டிக்கியைச் சாத்தும்போது கொட்டவும் கூடும். “இத்தனை நாள் நின்றதே” என்பது அது இனியும் நிற்கும் என்பதற்கு அத்தாட்சியாகாது.

அக்கினி நட்சத்திர வெயிலில் நிறுத்திய வண்டியின் கண்ணாடி வெப்பத்தாலேயே வெடிக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. பழுதற்ற டஃப்பன்ட் கண்ணாடி ஏறத்தாழ 200 பாகை வெப்ப வேற்றுமையைத் தாங்க வல்லது. சென்னை வெயிலும் ஏசியின் குளிரும் சேர்ந்தாலும் அந்த வேற்றுமையில் ஒரு சிறு பகுதியே. வெயிலில் வெடித்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிகளில் ஏற்கெனவே ஒரு விளிம்புப் பழுது இருந்திருக்கலாம். சிலவற்றில் உற்பத்தியின்போது நிக்கல் சல்ஃபைடுத் துகள் உள்ளே சிக்கியிருந்திருக்கலாம். வெயில் கடைசித் தூண்டுதலாக இருந்திருக்கலாமே ஒழிய, அதை மூலகாரணம் என்று கொள்வது கடினம்.

உடனே மாற்ற வேண்டும் என்ற கட்சி

இக்கட்சியினர் முதலில் சட்டத்தைக் காட்டுகிறார்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி, வண்டியின் கண்ணாடிகள் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்றும், முன்பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும் என்றும் கூறுகிறது. பாலிதீன் ஷீட் எந்த வியாக்கியானத்தாலும் பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. ஆயினும், உடைந்த கண்ணாடியை இத்தனை நாட்களுக்குள் மாற்ற வேண்டும் என்ற கெடு அந்த விதியில் இல்லை. அபாயகரமான பழுதோடு வண்டியை ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றமாயினும், அபாயம் இருந்ததா என்பதைச் சந்தர்ப்பத்தைக் கொண்டே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே சட்டம் திசையைக் காட்டுகிறதே தவிர நாளைக் குறிக்கவில்லை.

அடுத்து அவர்கள் சொல்வது பார்வையின் அவசியம். இந்த வாதம் கேட்பதற்கு வலிமையானது. ஆனால் பின்கண்ணாடியே இல்லாத சரக்கு வேன்கள் பக்கவாட்டுக் கண்ணாடிகளைக் கொண்டே இதே சாலையில் நாள்தோறும் ஓடுகின்றன என்பதை நினைத்தால், பார்வை ஒன்றே போதுமான காரணம் ஆகாது. செடான் வண்டிகளில் பின்கண்ணாடிக்கு உட்புறம் அமைந்த மூன்றாவது பிரேக் விளக்கை ஷீட் மறைத்துவிடுகிறது என்பது இதைவிட உறுதியான ஆட்சேபம்.

இவ்விரண்டையும்விட முக்கியமான காரணம், விந்தையாக, மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஒரு சுழல் உண்டாகிறது. பின்புறம் திறந்திருந்தால், வண்டியின் சொந்தப் புகையே அந்தச் சுழலின் வழியாக உள்ளே இழுக்கப்படலாம். ஷீட்டின் ஓரம் காற்றில் படபடத்துப் பிய்ந்துகொண்டே இருக்கும்போதும் இது நிகழலாம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் தூக்கமும் வந்த பிறகே அது தெரியவரும், தூங்குபவருக்கு அதுவும் தெரியாது. போரூரிலிருந்து குமணன்சாவடி வரை முன்வண்டியின் பம்பரை ஒட்டி ஊர்ந்து செல்லும் மாலை நெரிசலில், மற்ற வண்டிகளின் புகையும் இதனோடு சேர்கிறது. உடைந்த பின்கண்ணாடியை நாட்கணக்கில் விட்டுவைக்கலாகாது என்பதற்கு என் அபிப்பிராயத்தில் இதுவே தலையாய காரணம்.

சிக்கனத்தின் கணக்கு

காத்திருக்கச் சொல்பவர்களின் பக்கத்தில் சோம்பலைவிடப் பணக்கணக்கே அதிகம். அதை அலட்சியம் செய்வது நியாயமன்று. வண்டியின் சொந்தச் சேதத்துக்கும் பொருந்தும் பாலிசியில் கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி கழிக்கப்படும். 1,500 சி.சி.க்கு மேற்படாத கார்களில் கட்டாயக் கழிவாக ரூ.1,000 வண்டிக்காரரைச் சாரும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்குக் கண்ணாடிக்காக ஒன்றும் கிடையாது.

ஆனால் கிளைம் போட்டவுடன் நோ கிளைம் போனஸ் பூஜ்யமாகிவிடுகிறது. அது பிறகு ஆண்டுதோறும் 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று படிப்படியாகவே ஏற வேண்டும். 50 விழுக்காடு போனஸ் உள்ள ஒருவரின் சொந்தச் சேதப் பிரீமியம், போனஸ் கழிப்பதற்கு முன், ரூ.8,000 என்றும் அது மாறாது என்றும் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டால், கிளைமுக்குப் பின் அவர் ஆண்டுவாரியாக ரூ.4,000, ரூ.2,400, ரூ.2,000, ரூ.1,200, ரூ.400 கூடுதலாகக் கட்டுவார், மொத்தம் ரூ.10,000. வண்டியின் மதிப்புக் குறையக் குறையப் பிரீமியமும் குறையுமாதலால் உண்மையான நஷ்டம் இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். எனினும் ரூ.7,000 பெறும் கண்ணாடிக்குக் கிளைம் போட்டு ரூ.6,000 பெறுவது இவருக்கு நஷ்டமே. போனஸைக் காக்கும் கூடுதல் கவர் எடுத்திருந்தாலோ, வண்டி புதிதாகி போனஸ் இன்னும் ஏறாதிருந்தாலோ, கணக்குத் தலைகீழாகும்.

இந்தக் கணக்குப் பிழையற்றது. ஆனால் யார் பணம் கொடுப்பது என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. எப்போது மாற்றுவது என்பதை அன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, கிளைம் விஷயம் முடிவாகட்டும் என்று வாரக்கணக்கில் ஷீட்டோடு ஓட்டுவதே சிக்கனக் கட்சியின் பலவீனம். அந்த வாரங்களில் டிக்கியின் விரிப்பில் இறங்கும் மழைநீர் பூசணத்தையும், தகட்டின் ஓரத்தில் துருவையும் விளைவிக்கிறது. வெயிலில் காய்ந்த டேப்பின் கோந்து பெயின்டோடு பெயர்ந்து வருகிறது. மிச்சம் பிடித்தது இவற்றில் கரைந்துபோகலாம்.

புதியதா, பழையதா; ஒட்டும் நாள்

புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய ஒரிஜினலா, வெளியில் கிடைக்கும் புதிய லோக்கல் கண்ணாடியா என்பதும் பழைய தர்க்கமே. டஃப்பன்ட் கண்ணாடி வயதாவதால் வலிமை இழப்பதில்லை என்ற வகையில் பழைய கண்ணாடிக்குச் சாதகம் உண்டு. ஆனால் இன்றைய பின்கண்ணாடி பெரும்பாலும் பாலியூரித்தேன் பசையால் ஒட்டப்பட்டிருப்பதால், பிரித்தெடுக்கும்போது கத்தியும் கம்பியும் உராய்வது அதன் விளிம்பைத்தான். கண்ணாடியின் மிக நலிந்த இடமே பிரிக்கும் வேலையில் மிக அதிகம் துன்புறுகிறது. அந்தப் பழுது கறுப்புப் பார்டருக்கு அடியில் கண்ணுக்குப் படாமலும் போகலாம். பீடிங் காலத்தில் நல்ல யோசனையாக இருந்த பழைய கண்ணாடி, பசைக் காலத்தில் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது.

பசையைப் பற்றி ஒரு நுட்பம் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டே இறுகுகிறது. ஆதலால் சென்னையின் புழுக்கம் அதற்கு உதவியே செய்யும். ஆனால் ஒட்டும் தகடு நனைந்திருந்தால் பிடிப்பு ஏற்படாது. தெருவோரத்தில் தூறலுக்கிடையே துடைத்துத் துடைத்து ஒட்டிய கண்ணாடி முதல் பெருமழையிலேயே ஒழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கூரையுள்ள இடத்தில், உலர்ந்த தகட்டில், பிரைமர் தடவி ஒட்டி, பசைத் தயாரிப்பாளர் குறித்த நேரம் வரை வண்டியை எடுக்காமலும் டிக்கியை அறைந்து சாத்தாமலும் இருக்க வேண்டும்.

தீராமல் நிற்பவை

விளிம்பில் சில்லு விழுந்த கண்ணாடி சராசரியாக எத்தனை காலம் நிற்கும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எந்த மெக்கானிக்காலும் இயலாது; சில்லின் ஆழமும் வடிவும் இடமும் வண்டிக்கு வண்டி வேறுபடும். புதுக் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டலாமா என்ற கேள்வியும் முடிந்துவிடவில்லை. 2012இல் உச்ச நீதிமன்றம் எந்த ஃபிலிமும் கூடாதென்றது. பின்னர் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தைச் சுட்டி, குறித்த ஒளி அளவுக்கு உட்பட்ட ஃபிலிமைக் கேரள உயர் நீதிமன்றம் 2024இல் அனுமதித்தது. தமிழ்நாட்டுச் சாலையில் தடுத்து நிறுத்தப்படுபவருக்கு அது எவ்வளவு துணையாகும் என்பது நிச்சயமில்லை. படலக் கண்ணாடி பின்புறத்துக்கும் பரவினால் இந்த விவாதம் முழுவதையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

இப்போதைக்குச் சொல்லக்கூடியது இவ்வளவே: கீறலைப் பொறுத்துக்கொள்ளலாம், அறுந்த கோட்டை இணைக்கலாம், விளிம்புச் சில்லை ஐப்பசி மழைக்கு முன் தீர்த்துவிடுவது நலம், உடைந்ததற்கு ஓரிரு நாளுக்குமேல் தவணை இல்லை. கடைக்காரர் புதுக் கண்ணாடியைத் தூக்கி வரும்போது, பசை தடவுவதற்கு முன்பே, அதன் மூலையிலுள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடிப் பாருங்கள்; விளிம்பு நெடுகிலும் வெளிச்சத்தில் ஒருமுறை பார்வையை ஓட்டுங்கள். அது பொருத்தி முடியும்வரை குழந்தைகளை அந்த வண்டியின் பின்னிருக்கையில் ஏற்றாதீர்கள்.